செராம்பூரின் சனிக்கிழமை சாயங்காலம்

மிஷனெரிமாரின் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஞாயிறு பள்ளியில் சொன்ன கதைகளில் புயலில் சிக்கிய கப்பல் வரும், காய்ச்சல் வரும், புரியாத பாஷை வரும், கல்லெறிந்த ஜனங்கள் வருவார்கள். ஒன்று மட்டும் வராது. ஒரே வீட்டில் தங்கி, ஒரே மேஜையில் சாப்பிட்டு, ஒரே வேலையைச் செய்த அந்த ஐயர்மார் தங்களுக்குள் எப்படி இருந்தார்கள் என்பதை யாரும் நமக்குச் சொன்னதில்லை. பழைய ஆலயங்களின் சுவரில் பதித்திருக்கும் கல்வெட்டுகளும் சொல்வதில்லை. பிறந்த தேதி, வந்த தேதி, இறந்த தேதி, ஒரு வசனம். அதோடு சரி.

ஓய்வு பெற்ற பிறகு மிஷன் சரித்திரங்களைச் சாவகாசமாகப் படித்து வருகிறேன். படிக்கப் படிக்க எனக்கு ஒன்று தெளிவாகிறது. காய்ச்சலும் வெயிலும் ஊழியர்களைக் கொன்றன. ஆனால் ஊழியத்தை உடைத்தது பல இடங்களில் உடன் ஊழியர்களுக்குள் வந்த மனத்தாங்கல்தான். சேர்ந்து வாழ்வது எப்படி என்பதற்கு நல்ல உதாரணமும், அது எப்படிக் கெட்டுப்போகிறது என்பதற்கு வருத்தமான உதாரணமும் ஒரே ஊரில் கிடைக்கின்றன. அந்த ஊர் செராம்பூர்.

நம் ஐயர்மார் பலருடைய பேருக்குப் பின்னால் இருக்கும் பி.டி. பட்டத்தின் வழியாகத்தான் செராம்பூர் நமக்குத் தெரியும். வங்காளத்தில், கல்கத்தாவுக்கு வடக்கே சுமார் 25 கிலோமீட்டர் தூரத்தில், ஹூக்ளி ஆற்றின் மேற்குக் கரையில் இருக்கும் ஊர் அது. நம் தரங்கம்பாடியைப் போலவே அதுவும் டென்மார்க் அரசரின் கையில் இருந்தது. 1845-ல் இரண்டு ஊர்களையும் டேனிஷ்காரர்கள் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். கம்பெனியின் எல்லைக்குள் அனுமதியில்லாமல் மிஷனெரிகள் தங்க முடியாத காலத்தில், அவர்களுக்கு நிழல் கொடுத்தது டேனிஷ் கொடி பறந்த இந்தச் சிறிய ஊர்தான்.

வில்லியம் கேரியை எல்லோருக்கும் தெரியும். இங்கிலாந்தின் நார்த்தாம்ப்டன்ஷயரில் 1761-ல் பிறந்தவர். செருப்புத் தைக்கும் தொழிலாளியாக இருந்து போதகரானவர். 1792 அக்டோபர் 2 அன்று கெட்டரிங் என்ற ஊரில் ஒரு வீட்டில் சில போதகர்கள் கூடி பாப்டிஸ்ட் மிஷனெரி சங்கத்தை ஆரம்பித்தபோது, அவர்கள் எழுதிக் கொடுத்த காணிக்கை 13 பவுண்டு 2 ஷில்லிங் 6 பென்ஸ். அடுத்த வருஷமே கேரி கப்பல் ஏறினார். அவரோடு வந்தவர் ஜான் தாமஸ் என்ற வைத்தியர்.

மிஷனெரிக் குழு என்று பார்த்தால் இந்த இருவர்தான் முதல் குழு. தாமஸ் ஏற்கெனவே வங்காளத்தில் இருந்தவர், வங்காளம் பேசத் தெரிந்தவர், ஏழைகளுக்கு மனமுவந்து வைத்தியம் செய்தவர். பிரசங்கத்தில் அனல் பறக்கும். ஆனால் பண விஷயத்தில் அவர் கையில் ஓட்டை. லண்டனில் கடன்காரர்கள் அவரைத் தேடிக்கொண்டிருக்கும்போதே கப்பல் ஏற வந்தார். அனுமதிச் சீட்டு இல்லாததும் சேர்ந்து, முதலில் ஏறிய கப்பலிலிருந்து இருவரும் இறக்கிவிடப்பட்டார்கள். பிறகு டேனிஷ் கப்பல் ஒன்றில் இடம் கிடைத்து, 1793 நவம்பரில் கல்கத்தா வந்து சேர்ந்தார்கள்.

கேரியின் மனைவி டாரதி அம்மாள் முதலில் வர மறுத்துவிட்டார். கைக்குழந்தையோடு இருந்தவர். கப்பல் தாமதமானதால் மறுபடி போய்க் கேட்டபோது, தன் தங்கையும் கூட வருவதானால் வருகிறேன் என்று ஒப்புக்கொண்டார். மனசார வந்தாரா, வேறு வழியில்லாமல் வந்தாரா என்பது நமக்கே புரியும். கல்கத்தாவில் இறங்கியதும் கொண்டுவந்த பணம் தாமஸ் கையில் சீக்கிரமே கரைந்தது. கேரியின் குடும்பம் தங்க இடமும் சாப்பாட்டுக்கு வழியும் தேடி அலைந்தது. பிறகு முட்னாபட்டியில் அவுரித் தொழிற்சாலை மேற்பார்வையாளர் வேலை கிடைத்தது. அங்கே 1794-ல் ஐந்து வயது மகன் பீட்டர் நோயில் இறந்தான். டாரதி அம்மாளின் மனநிலை அதிலிருந்து குலையத் தொடங்கி, 1807-ல் சாகும் வரைக்கும் திரும்பவில்லை.

இந்த முதல் குழுவில் பக்திக்குக் குறைவில்லை, அன்புக்கும் குறைவில்லை. பணத்தை யார் வைத்துக்கொள்வது, கணக்கை யாரிடம் சொல்வது, மனைவியின் சம்மதத்துக்கு என்ன மதிப்பு என்கிற ஏற்பாடு எதுவும் இல்லை. அன்பு இருந்தால் போதும், மற்றது தானாக நடக்கும் என்று நினைத்திருப்பார்கள் போலிருக்கிறது. அந்த ஆறு வருஷப் பாடம்தான் கேரிக்குப் பிற்பாடு உதவியது என்று நான் நினைக்கிறேன்.

1799 அக்டோபரில் இங்கிலாந்திலிருந்து புதிய மிஷனெரிகள் நான்கு பேர் வந்து செராம்பூரில் இறங்கினார்கள். கிராண்ட், பிரன்ஸ்டன், மார்ஷ்மன், வார்டு. கம்பெனி எல்லைக்குள் வர அவர்களுக்கு அனுமதி கிடைக்கவில்லை. அதனால் 1800 ஜனவரி 10 அன்று கேரியே குடும்பத்தோடு செராம்பூர் வந்து சேர்ந்தார். அடுத்து நடந்ததைப் பாருங்கள். கிராண்ட் வந்த மூன்று வாரத்துக்குள் இறந்தார். முன்னமே வந்து கேரியோடு இருந்த ஃபவுண்டன் 1800-ல் இறந்தார். 1801-ல் பிரன்ஸ்டனும், பிறகு தாமஸும் போய்விட்டார்கள். மிஞ்சியவர்கள் மூன்று பேர். சரித்திரத்தில் செராம்பூர் மூவர் என்று பேர் வாங்கியவர்கள் இவர்கள்தான்.

மூன்று பேரும் மூன்று விதம். கேரி சாந்த சுபாவம். வாயைத் திறந்து ஒருவரைக் கண்டிக்க அவருக்கு வராது. பிள்ளைகளையே கண்டிக்க மாட்டார். ஜோஷுவா மார்ஷ்மன் நெசவாளி வீட்டுப் பிள்ளை, பிரிஸ்டலில் பள்ளிக்கூடம் நடத்தியவர். கடும் உழைப்பாளி, எடுத்த காரியத்தை விடாதவர். அவருடைய பிடிவாதம் சிலருக்குத் தைரியமாகத் தெரியும், சிலருக்கு அதிகாரமாகத் தெரியும். வில்லியம் வார்டு அச்சுத் தொழில் தெரிந்தவர், பத்திரிகை ஆசிரியராக இருந்தவர். எல்லோரோடும் ஒட்டிப் பழகுகிறவர். இந்த மூன்று பேரும் மனைவி மக்களோடு ஒரே வளாகத்தில், ஒரே சமையலில் சாப்பிட்டு, இருபது வருஷத்துக்கு மேல் பிரியாமல் இருந்தார்கள். நம் ஊரில் கூடப்பிறந்த அண்ணன் தம்பிகள் ஒரே உலையில் இருபது வருஷம் சாப்பிட்டால் அதிசயம். இவர்களால் எப்படி முடிந்தது?

கேரி வந்து சேர்ந்த அடுத்த வாரமே, 1800 ஜனவரியில், அவர்கள் வீட்டு விதிகள் எழுதிக்கொண்டார்கள். வார்டு தம் நாட்குறிப்பில் அவற்றைக் குறித்து வைத்திருக்கிறார். பிரசங்கமும் ஜெபமும் எல்லோரும் முறை வைத்துச் செய்ய வேண்டும். வீட்டு நிர்வாகத்தை ஒரு மாதம் ஒருவர் பார்த்தால் அடுத்த மாதம் மற்றவர். பணப்பெட்டியும் மருந்துப் பெட்டியும் கேரி பொறுப்பு. புத்தகங்கள் ஃபவுண்டன் பொறுப்பு. யாரும் தனக்கென்று சொந்தமாக வியாபாரம் செய்யக் கூடாது, வருவதெல்லாம் மிஷனுக்கே. சனிக்கிழமை சாயங்காலம் எல்லோரும் கூடி, அந்த வாரத்தில் ஒருவர்மேல் ஒருவருக்கு இருக்கும் மனக்குறைகளைப் பேசித் தீர்த்து, ஒருவரையொருவர் நேசிப்போம் என்று மறுபடி உறுதி சொல்லிக்கொள்ள வேண்டும்.

இந்தக் கடைசி விதியைப் படித்தபோது எனக்கு நம் சபைகளின் ஆயத்த ஆராதனைதான் ஞாபகம் வந்தது. திருவிருந்து ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் கோயில் மணி அடிக்கும், போவோம், பாவ அறிக்கை சொல்வோம், வீட்டுக்கு வருவோம். பக்கத்து பெஞ்சில் இருப்பவரோடு உள்ள மனஸ்தாபம் அப்படியே இருக்கும். செராம்பூரில் கடவுளிடம் சொல்வதோடு நிறுத்தாமல், யார்மேல் வருத்தமோ அவர் முகத்தைப் பார்த்தே சொல்ல வேண்டும் என்று வைத்தார்கள். வாரம் ஒருமுறை என்பதும் முக்கியம். ஏழு நாள் மனக்குறையைப் பேசித் தீர்க்கலாம். ஏழு வருஷத்து மனக்குறையைப் பேசத் தொடங்கினால் அது வழக்காகிவிடும்.

மாதம் ஒருவர் நிர்வாகம் என்பதிலும் யோசனை இருக்கிறது. வீட்டுச் செலவைப் பார்க்கிறவர்மேல்தான் எப்போதும் முணுமுணுப்பு வரும். எண்ணெய் சீக்கிரம் தீர்ந்தது ஏன், கறி ஏன் குறைந்தது என்று. அடுத்த மாதம் அந்தப் பொறுப்பு தன் தலையில் விழப்போகிறது என்று தெரிந்தால் நாக்கு கொஞ்சம் அடங்கும். ஒருவரும் மற்றவருக்கு மேலே இல்லை என்பதையும் அது நடைமுறையில் காட்டியது.

பண விஷயத்தில் அவர்கள் நடந்துகொண்டது இன்றைக்கும் ஆச்சரியம். 1801-ல் கேரிக்கு கல்கத்தாவின் வில்லியம் கோட்டைக் கல்லூரியில் வங்காளம் கற்பிக்கும் வேலை கிடைத்தது. மாதம் 500 ரூபாய். பிற்பாடு பேராசிரியராகி 1000 ரூபாய் ஆனது. அந்தக் காலத்து 1000 ரூபாய். மார்ஷ்மனும் அவர் மனைவி ஹன்னா அம்மையாரும் 1800 மே மாதம் தொடங்கிய விடுதிப் பள்ளிகள் நல்ல வருமானம் தந்தன. வார்டின் அச்சுக்கூடத்துக்கு வெளி வேலைகள் வந்தன. மூன்று வருமானமும் ஒரே பெட்டியில் விழுந்தது. குடும்பத்துக்கு வேண்டிய சிறு தொகையை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை மிஷனுக்கு வைத்தார்கள். கேரியின் சம்பளம் அதிகம் என்பதால் கேரிக்கு மேஜையில் பெரிய நாற்காலி போடவில்லை.

இந்தக் கூட்டுக் குடும்பத்தைத் தாங்கிய தூண் ஹன்னா அம்மையார் என்றே சொல்லுவேன். கேரி செராம்பூருக்கு வந்தபோது அவருடைய நான்கு பையன்களும் கேட்பாரற்று வளர்ந்திருந்தார்கள். தாய்க்குப் புத்தி தெளிவில்லை, தகப்பனாருக்கு மொழிபெயர்ப்பில் நேரமில்லை. ஹன்னா அம்மையாரும் வார்டும்தான் அந்தப் பையன்களைக் கையிலெடுத்து ஒழுங்குக்குக் கொண்டுவந்தார்கள். மூத்தவன் ஃபீலிக்ஸ் வார்டோடு ஒட்டிக்கொண்டு பிற்பாடு தானும் மிஷனெரியானான். ஃபவுண்டனின் விதவை மனைவியை 1802-ல் வார்டு மணந்துகொண்டார். இப்படி ஒரு குடும்பத்தின் கிழிசலை இன்னொரு குடும்பம் தைத்தது.

எல்லாம் இனிப்பாக இருந்தது என்று சொல்ல வரவில்லை. 1800 டிசம்பர் 28 அன்று கேரி ஆற்றங்கரையில் தம் மகன் ஃபீலிக்ஸுக்கும், கிருஷ்ண பால் என்ற தச்சருக்கும் ஞானஸ்நானம் கொடுத்தார். செராம்பூரின் முதல் வங்காள விசுவாசி கிருஷ்ண பால். அதே நேரத்தில் வீட்டுக்குள்ளே டாரதி அம்மாள் சித்தம் கலங்கிய நிலையில் இருந்தார். அந்தக் கிருஷ்ண பாலின் கையெலும்பை முன்பு கட்டிச் சரிசெய்த தாமஸ், பல வருஷம் காத்திருந்தது நிறைவேறிய சந்தோஷத்தில் அவரும் புத்தி பேதலித்துக் கிடந்தார். ஊழியத்தின் வெற்றி வெளியே, அதற்குக் கொடுத்த விலை உள்ளே.

1805 அக்டோபரில் அவர்கள் இன்னொரு படி மேலே போனார்கள். ஊழியம் எப்படி நடக்க வேண்டும் என்பதை 11 அம்சங்களாக எழுதி உடன்படிக்கை செய்துகொண்டார்கள். அதில் ஜனங்களுடைய மனத்தை அறிவது, அவர்களைச் சமமாக நடத்துவது, உள்ளூர் விசுவாசிகளை ஊழியத்துக்குப் பயிற்றுவிப்பது எல்லாம் உண்டு. கடைசி அம்சம் தங்கள் நேரமும், திறமையும், குடும்பமும், உடுத்தியிருக்கும் துணியும்கூட தங்களுடையது அல்ல என்பது. வருஷத்தில் மூன்று முறை, ஜனவரி, மே, அக்டோபர் மாதங்களின் முதல் ஞாயிற்றுக்கிழமை, இதை ஒவ்வொரு மிஷன் நிலையத்திலும் எல்லோர் முன்னிலையிலும் வாசிக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். எழுதி அலமாரியில் வைத்துப் பூட்டினால் மறந்துபோகும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இந்த ஒற்றுமைக்குப் பெரிய சோதனை 1812 மார்ச் 11 அன்று வந்தது. சாயங்காலம் அச்சுக்கூடத்தில் தீப்பிடித்தது. காகிதக் கட்டுகள், பல மொழிகளின் அச்செழுத்துகள், கேரி வருஷக்கணக்காக எழுதிச் சேர்த்த அகராதிக் கையெழுத்துப் பிரதிகள் எல்லாம் போயின. நஷ்டம் சுமார் 70,000 ரூபாய். கேரி அன்று கல்கத்தாவில் இருந்தார். மறுநாள் மார்ஷ்மன் நேரில் போய்ச் செய்தி சொன்னார். தீ எப்படிப் பிடித்தது என்பது கடைசி வரை தெரியவில்லை. நம் ஊர் நிர்வாகக் கமிட்டி என்றால் முதல் கேள்வி என்னவாக இருக்கும்? அச்சுக்கூடத்துக்குப் பொறுப்பு யார் என்பதுதான். பொறுப்பு வார்டுடையது. ஆனால் அவர்மேல் கைநீட்ட மற்ற இருவரும் முனையவில்லை. வார்டு சாம்பலைக் கிளறிப் பார்த்து, எழுத்து வார்க்கும் அச்சுகள் கெடாமல் இருப்பதைக் கண்டுபிடித்தார். இரவும் பகலும் எழுத்து வார்க்கத் தொடங்கினார்கள். ஃபெப்ரீஷியஸ் ஐயர் மொழிபெயர்த்த தமிழ்ப் புதிய ஏற்பாடு 1813-ல் அதே அச்சுக்கூடத்திலிருந்துதான் வெளிவந்தது. நமக்கும் அந்த மூவருக்கும் அப்படியொரு கடன் இருக்கிறது.

இதுவரை நல்ல கதை. இனி வருத்தமான கதை.

1814-க்குப் பிறகு இங்கிலாந்திலிருந்து இளம் மிஷனெரிகள் வரத் தொடங்கினார்கள். கேரியின் சொந்த அண்ணன் தம்பி மகன் முறையான யூஸ்டஸ் கேரி, வில்லியம் யேட்ஸ், வில்லியம் பியர்ஸ், ஜேம்ஸ் பென்னி. எல்லோரும் இருபது வயதுகளில் இருந்தவர்கள். மூவரோ ஐம்பதை எட்டிக்கொண்டும் தாண்டியும் இருந்தார்கள். இளையவர்கள் சோம்பேறிகள் அல்ல. யேட்ஸ் பிற்காலத்தில் வங்காளத்திலும் சமஸ்கிருதத்திலும் பெரிய பண்டிதர் என்று பேர் வாங்கியவர். ஆனால் செராம்பூர் வீட்டில் அவர்களால் பொருந்த முடியவில்லை. மூவரும், முக்கியமாக மார்ஷ்மன், எல்லாவற்றையும் தங்கள் கையில் வைத்திருக்கிறார்கள் என்பது அவர்கள் குறை. வந்தவர்களுக்குப் பணிவில்லை, நாங்கள் ரத்தத்தை வியர்வையாக்கி உண்டாக்கியதன் அருமை தெரியவில்லை என்பது பெரியவர்களின் குறை.

இருவர் பக்கமும் நியாயம் இருந்தது என்றுதான் எனக்குப் படுகிறது. 1800-ல் மூவரும் உட்கார்ந்து பேசி எழுதிக்கொண்ட விதிகள் அவர்களுக்கு உடன்படிக்கை. பதினைந்து வருஷம் கழித்து வந்தவனுக்கு அதே விதிகள் சட்டம். அவன் அதை எழுதுவதில் பங்கெடுக்கவில்லை. அண்ணன் தம்பிகள் சேர்ந்து முடிவு செய்த வழக்கம், வீட்டுக்குப் புதிதாக வந்த மருமகளுக்கு மாமியார் போடும் கட்டளையாகத் தெரிவது மாதிரி. புதியவர்கள் வந்த அன்றே பழைய விதிகளை மேஜைமேல் வைத்து, இதில் எதை வைப்போம், எதை மாற்றுவோம் என்று கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் யோசித்துப் பார்ப்பதுண்டு.

இளையவர்கள் கல்கத்தாவுக்குப் போய்த் தனிக் குழுவாக இயங்கினார்கள். 1818-ல் தங்களுக்கென்று தனி அச்சுக்கூடமும் வைத்துக்கொண்டார்கள். ஒரே சங்கம், ஒரே ஆறு, 25 கிலோமீட்டர் தூரம், இரண்டு மிஷன். பெரியப்பா ஒரு பக்கம், மகன் ஒரு பக்கம்.

இதே சமயத்தில் இங்கிலாந்திலும் காற்று மாறியது. சங்கத்தின் ஆரம்பகாலச் செயலாளர் ஆண்ட்ரூ ஃபுல்லர் 1815-ல் இறந்தார். கேரியை முகம் பார்த்து அறிந்தவர், நம்பி அனுப்பியவர். அவருக்குப் பின் வந்தவர்களில் பலருக்குக் கேரி ஒரு பெயர், மார்ஷ்மன் ஒரு கையெழுத்து. அவர்கள் கேட்ட கேள்வி சாதாரணமானதுதான்: செராம்பூரில் உள்ள வீடு, நிலம், அச்சுக்கூடம் எல்லாம் யார் பேரில் இருக்கின்றன? மூவரும் சொன்ன பதில்: எங்கள் சம்பாத்தியத்தில் வாங்கியவை, எங்களுக்கென்று வைத்துக்கொள்ளவில்லை, மிஷனுக்காகவே வைத்திருக்கிறோம், ஆனால் எங்களை அறியாதவர்கள் கையில் நிர்வாகத்தைக் கொடுக்க மாட்டோம். சங்கம் சொன்னது: எங்கள் பெயரில் நடக்கும் மிஷனின் சொத்து எங்கள் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும்.

ஒரு கடிதம் இங்கிலாந்து போய்ச் சேர ஐந்தாறு மாதம். பதில் வர இன்னும் ஐந்தாறு மாதம். ஒரு வார்த்தை சூடாக எழுதிவிட்டால், அதைத் தணிக்க ஒரு வருஷம் ஆகும். அதற்குள் அந்தக் கடிதத்தைப் பத்துப் பேர் படித்திருப்பார்கள், அச்சிலும் வந்திருக்கும். இரு பக்கமும் துண்டுப் புத்தகங்கள் வெளியிட்டுச் சண்டை போட்டார்கள். செராம்பூர் வீட்டுக்குள் இருந்த சனிக்கிழமை சாயங்காலம் செராம்பூருக்கும் லண்டனுக்கும் நடுவில் இல்லை.

இந்த வியாதி நம் கரைக்கும் புதிதல்ல. நூறு வருஷத்துக்கு முன்பே தரங்கம்பாடியில் சீகன்பால்க் ஐயர் இதே துன்பத்தை அனுபவித்தார். 1706-ல் வந்து, பள்ளியும் அச்சுக்கூடமும் ஆலயமும் உண்டாக்கியவர். கோபன்ஹேகனில் மிஷன் சங்கச் செயலாளராக இருந்த வெண்ட் என்பவர், அப்போஸ்தலர்களைப் போல ஊர் ஊராகப் போகாமல் கட்டடம் கட்டிக்கொண்டிருப்பது ஏன் என்று கடுமையாக எழுதினார். இந்தியாவைப் பார்த்திராதவர் எழுதிய அந்தக் கடிதங்கள் ஏற்கெனவே உடல் நலிந்திருந்தவரின் மனத்தை நொறுக்கின. 1719 பிப்ரவரி 23 அன்று, 36 வயதில், சீகன்பால்க் இறந்தார்.

இதை எழுதும்போது எனக்குத் தெரிந்த ஒரு நிறுவனத்தின் நிர்வாகக் கமிட்டி ஞாபகத்துக்கு வருகிறது. பெயர் வேண்டாம். அதில் இரண்டு பெரியவர்கள், இருவரும் ஜெபவீரர்கள், ஒரு பீரோ சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்பதில் தொடங்கி, பத்து வருஷத்துக்கு மேல் நேருக்கு நேர் பேசவில்லை. தகவல் எல்லாம் கடிதத்தில்தான் போகும், அதுவும் ஒரே கட்டடத்துக்குள். ஒருவர் காலமான பிறகு மற்றவர் அடக்கத்துக்கு வந்து, கல்லறைத் தோட்டத்தில் வெகுநேரம் நின்றிருந்தார். அப்போது யாரிடம் பேச முடியும்?

செராம்பூரில் 1823 மார்ச் 7 அன்று வார்டு காலராவில் இறந்தார். முந்தின நாள் வரை வேலை பார்த்தவர். அவர் போனதோடு வீட்டின் சமாதானக்காரர் போய்விட்டார். 1826-ல் மார்ஷ்மன் இங்கிலாந்து போய் நேரில் பேசிப் பார்த்தார். காலம் கடந்துவிட்டது. 1827-ல் செராம்பூரும், அதை அனுப்பிய சங்கமும் பிரிந்தன. அதே 1827-ல்தான் டென்மார்க் அரசர் செராம்பூர் கல்லூரிக்குப் பட்டம் வழங்கும் உரிமை கொடுத்தார். அந்தக் கௌரவம் வந்தபோது குடும்பம் உடைந்திருந்தது.

இந்தச் சண்டையில் கேரி நடந்துகொண்ட விதம் எனக்குப் பிடித்தது. எதிர்த்தரப்பாரின் கோபமெல்லாம் மார்ஷ்மன்மேல்தான். கேரி பெரிய மனிதர், மார்ஷ்மன்தான் அவரைக் கெடுக்கிறார் என்று இங்கிலாந்தில் பேசினார்கள். கேரி நினைத்திருந்தால் ஒதுங்கி நின்று தம் பேரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. கூட வாழ்ந்த மனுஷனை எனக்குத் தெரியும் என்ற முறையில் கடைசி வரை மார்ஷ்மனுக்காகப் பரிந்து எழுதினார். மார்ஷ்மனின் குறைகள் அவருக்குத் தெரியாமல் இல்லை. இத்தனை வருஷம் சனிக்கிழமைதோறும் அவற்றை நேரில் பேசியவருக்கு, முதுகுக்குப் பின்னால் பேச என்ன இருக்கும்?

கடைசி வருஷங்கள் கஷ்டமானவை. 1830-லிருந்து கல்கத்தாவின் பெரிய வர்த்தகக் கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. மிஷன் போட்டு வைத்த பணமும் போனது. கோட்டைக் கல்லூரியின் பேராசிரியர் பதவியும் நீக்கப்பட்டு, கேரியின் வருமானம் குறைந்தது. 1834 ஜூன் 9 அன்று கேரி இறந்தார். அதற்கு இரண்டு வருஷம் கழித்து அவர் வாழ்க்கை வரலாற்றை எழுதி வெளியிட்டது யார் தெரியுமா? பிரிந்துபோன அந்த யூஸ்டஸ் கேரிதான். 1837 டிசம்பர் 5 அன்று மார்ஷ்மன் இறந்தார். செராம்பூரும் சங்கமும் மறுபடி இணைவதற்கான உடன்பாடு லண்டனில் அந்த மாதத்தில்தான் ஆனது. அந்தச் செய்தியைக் கேட்க மூவரில் ஒருவரும் உயிரோடு இல்லை. மூன்று குடும்பத்தாரின் கல்லறைகளும் செராம்பூரில் ஒரே தோட்டத்தில் இருக்கின்றன.

இவர்கள் ஏறக்குறைய 40 மொழிகளில் வேதத்தை முழுவதுமாகவோ பகுதியாகவோ அச்சிட்டார்கள். அந்தச் சாதனையை நாம் மேடையில் சொல்கிறோம். அதற்கு அடியில் கிடந்த அஸ்திவாரத்தையும் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை: முறை வைத்த பொறுப்பு, திறந்த கணக்கு, பிறர் பிள்ளையைத் தன் பிள்ளையாகப் பார்த்த ஓர் அம்மையார், வாரத்துக்கு ஒருமுறை நேருக்கு நேர் பேச்சு. அவை இருந்தவரை மிஷன் நின்றது. புதியவர்களோடும் தூரத்தில் இருந்தவர்களோடும் அதே ஏற்பாட்டைச் செய்துகொள்ளாதபோது உடைந்தது.

நம் சபைகளிலும் ஊழியக் குழுக்களிலும் இன்று புதிதாகச் சேரும் இளைஞர்கள் இருக்கிறார்கள். பாட்டுக் குழுவிலிருந்து சேகரக் கமிட்டி வரை நம் வயதுக்காரர்கள் எழுதி வைத்த வழக்கங்கள் நிறைய. அடுத்த ஆயத்த ஆராதனைக்கு அரை மணி நேரம் முன்னதாகப் போய், அந்தப் பிள்ளைகளில் ஒருவரை உட்காரவைத்து, எங்கள்மேல் உனக்கு என்னப்பா குறை என்று கேட்டுப் பாருங்கள். அவன் சொல்லும்போது குறுக்கே பேசாமல் இருக்க வேண்டும். கஷ்டம்தான். நானும் முயற்சி செய்வதாக இருக்கிறேன்.